புரொஃப் மடிக்காமல் விட்ட இலை

அந்த இலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடைக்கார அக்காவின் சாப்பாட்டுக் கடை, சுவரோர மேசை. வாழையிலையில் பாதி சாப்பிட்ட சாம்பார் சாதம், ஓரத்தில் முட்டைக்கோஸ் பொரியல், பக்கத்தில் கைபடாத அப்பளம். பிசைந்த சாதத்தில் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பேச்சின் நடுவே சட்டென்று எழுந்து, கைகூடக் கழுவாமல், சமையலறை வழியாகப் பின்சந்துக்கு ஓடிவிட்டார். மேசை துடைக்கிறவர் வந்து இலையை எடுக்கப் போனார். கல்லாவிலிருந்த அக்கா அங்கிருந்தே கத்தினார்: "தம்பி, அத எடுக்காத. இல மடிக்கல பாரு. வருவாங்க." மடிக்காத இலையை எடுக்கக் கூடாது என்பது அந்தக் கடையில் சட்டம். ஆனால் ஓடியவர் வரவில்லை. நான் எதிரே உட்கார்ந்து, ஆறிப்போகிற என் ரசத்தையும் அந்த இலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சாப்பிடும்போது எழுந்து ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஓடியவர் எங்கள் பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் எல்லாரும் கூப்பிடுகிற மாதிரி நானும் அவரைப் புரொஃப் என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தாண்டிய அம்மா. சத்தமாகப் பேசுவார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார், என்னை அண்ணே என்பார். நான் அவருடைய ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். குழாய் மாட்டுவது, பம்பைக் கழற்றுவது, நாறினால் கழுவுவது, இவைதான் என் வேலை. அதுவும் ஒப்பந்த வேலை. திட்டத்துக்குப் பணம் வந்தால் எனக்கு வேலை இருக்கும், பணம் நின்றால் நானும் நிற்க வேண்டியதுதான். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பின்சந்தில் நான் போட்ட சத்தத்துக்கு அதுதான் காரணம்.

திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட இங்கிலாந்தில் ஒரு குளிர் ஊர், அங்கே ஒரு பல்கலைக்கழகம். அவர்களும் நாங்களும் சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஒரு நிதிக் குழு பணம் கொடுத்தது. நிலைத்த வளர்ச்சி என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது அந்தத் திட்டத்தின் தொடக்க விழாவில், கேக் வெட்டும்போது. இரண்டு பல்கலைக்கழகங்களின் சின்னமும் கேக்கின் மேல் சர்க்கரையில் வரைந்திருந்தது. எந்தச் சின்னம் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு வாரம் பேசியிருக்கிறார்கள். மெஷினை எங்கே வைப்பது என்று யாரும் ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை. இந்த மாதிரிக் கூட்டாளித் திட்டங்களில் முக்கால்வாசி இப்படித்தான். கைகுலுக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், பெரிய பெரிய சொற்களை எழுதுவார்கள், பிறகு எங்களைப் போன்ற நாலு பேர் நாற்றத்தில் நிற்போம். புரொஃப் அப்படி இல்லை. அவரும் நாற்றத்தில் நின்றார். அதனால்தான் அவரோடு அத்தனை காலம் வேலை செய்தேன்.

மெஷின் ஒரு பெரிய தொட்டி. சாப்பாட்டுக் கழிவை அரைத்து உள்ளே போட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயு விடும். அந்த வாயுவில் அடுப்பு எரியும். சின்னதாக ஒன்று சிங்கப்பூரில் ஓட்டிப் பார்ப்பது, நன்றாக ஓடினால் அதில் கிடைத்த வாயுக் கணக்கை வைத்துப் பெரிதாகக் கட்டி இந்தோனேசியாவில் ஒரு சந்தைக்கு அனுப்புவது, இதுதான் ஏற்பாடு. அந்தப் பெரிய மெஷினுக்கான பணம் இரண்டாம் கட்டத்தில் வரும். எந்தக் கடைக்குப் பின்னால் சின்ன மெஷினை வைப்பது என்று தேடியபோது எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். குப்பை என்றால் யாருக்கு ஆசை? புரொஃப் வாரம் தவறாமல் மீன்தலைக் கறி சாப்பிடப் போகிற கடையின் அக்காதான் இரக்கப்பட்டார். "புரட்டாசியில எனக்குக் கூட்டம் கம்மி. பின்னாடி எடம் சும்மாதான் கெடக்கும். அந்த ஒரு மாசம் வச்சுக்கிட்டு, தீபாவளிப் பலகாரப் பெட்டிங்க வர்றதுக்கு முன்னால எடுத்துருங்க" என்றார். எங்களுக்குக் கோயிலில் வரம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஓட்டினோம். அப்படி ஓடியது! அடைப்பு இல்லை, பொங்கவில்லை, வாயு குறையாமல் வந்தது. அக்காவின் டீ பாய்லர் அந்த வாயுவில்தான் கொதித்தது. தினமும் இலையையும் சோற்றையும் அள்ளிப் போட்டவன் நான். எத்தனை கிலோ போட்டோம் என்பதைத் தராசு தானாகவே கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். நிதிக் குழுவிலிருந்து பார்க்க வந்த இரண்டு பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்து, பிறகு கையை எடுத்துவிட்டு, "வாடையே இல்லையே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். நாங்கள் எல்லாரும் மார்பை நிமிர்த்தி நின்றோம். மெஷினின் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தோம். அந்த மாதம் முழுக்கப் புரொஃப் பெரிய புலம்பல். அவர் மாமியார் பெருமாள் பக்தை. புரட்டாசியில் வீட்டில் யாரும் அசைவம் தொடக் கூடாது. "வெளிய சாப்பிட்டுட்டுப் போனாலும் வாசல்லயே மோப்பம் புடிச்சிருவாங்கண்ணே. நேத்துக் கனவுல ஒரு வஞ்சிரம் வந்து, என்னை மறந்துட்டியான்னு கேட்டுச்சு" என்பார். அக்காவின் கடையிலும் அந்த மாதம் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அது எங்களுக்குப் பழக்கம். மழைக்காலத்தில் மழை பெய்வதைப் போல.

புரட்டாசி முடிந்ததும் மெஷினைப் பிரித்துக் கேம்பஸுக்குக் கொண்டுபோய்விட்டோம். அறிக்கை போனது. இங்கிலாந்துக்காரர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் மெஷின் கொடுத்த வாயுவின் அளவை அவர்களும் தங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை எடுத்துக் காட்ட வேண்டும், இரண்டும் ஒத்துப்போனால் இரண்டாம் கட்டப் பணம் வரும். அந்த வேலையை ஒரு ஆராய்ச்சி மாணவியிடம் கொடுத்தார்கள். அந்த ஊரில் லிட்டில் இந்தியா குப்பைக்கு எங்கே போவது? அதனால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு செய்முறை அனுப்பினோம். அந்த வருடம் ஜூன் விடுமுறையில் மாணவர்கள் இதே கடையின் குப்பையைக் கிளறி எழுதிய கணக்கு அது. சோறு இத்தனை பங்கு, இலை இத்தனை பங்கு, காய் இத்தனை, ஆட்டிறைச்சியும் எலும்பும் இத்தனை, மீன் இத்தனை, எண்ணெய் இத்தனை. அந்தப் பெண் அதை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டாள். இலங்கைக்காரர் கடையில் உறையவைத்த வாழையிலை வாங்கினாள், மசாலாத்தூள் வாங்கினாள், மீன் தலை வாங்கிக் குழம்பே வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் அரைத்துத் தொட்டியில் போட்டாள். ஒருமுறை, "மீனின் கண்ணையும் சேர்க்க வேண்டுமா?" என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். புரொஃப் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "கண்ணை எங்க ஆளுங்க மிச்சம் வைக்கமாட்டாங்க. எடுத்துடு" என்று பதில் போட்டார்.

அவளுக்கு வாயு வரவில்லை. எங்களுடையதில் பாதிகூட வரவில்லை. தொட்டிக்குள் நுரை கட்டிக் குழாய் வழியாக மேலே ஏறியது. கழுவினாள், மறுபடி போட்டாள், மறுபடி நுரை. வாராவாரம் திரையில் கூட்டம் நடக்கும். இந்தப் பக்கம் புரொஃபும் நானும், அந்தப் பக்கம் அவர்களுடைய பேராசிரியரும் அவளும். அந்தப் பேராசிரியர் மரியாதை குறையாமலே ஆளைக் குறுக வைக்கத் தெரிந்தவர். "சிங்கப்பூரில் வருகிறது. உனக்கு ஏன் வரவில்லை?" ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி. அவள் கம்பளித் தொப்பியோடு திரையின் மூலையில் உட்கார்ந்து, அளவுகளை வாசிப்பாள். முதலில் தெளிவாக வாசித்தாள். பிறகு வேகமாக வாசித்தாள். கடைசிக் கடைசியில் வாசிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்கு வேலை தெரியவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் மெஷின் ஓடியதைக் கண்ணால் பார்த்தவன் வேறு எப்படி நினைப்பான்? புரொஃப் மட்டும், "கை சுத்தமான பொண்ணுண்ணே. எங்கயோ இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த புரட்டாசி பிறப்பதற்கு முந்தைய கூட்டத்தில் அந்தப் பேராசிரியர் முடிவாகச் சொல்லிவிட்டார். அடுத்த கூட்டத்துக்குள் அளவு ஒத்துப்போகாவிட்டால் வேலையை வேறொருவரிடம் கொடுப்பேன் என்றார். அவள் படிப்பே இந்தத் திட்டத்தின் பணத்தில்தான். திட்டத்திலிருந்து எடுத்தால் சொந்த ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

புரட்டாசி முதல் நாள் மதியம் புரொஃபும் நானும் அக்கா கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். மறுநாள் பிற்பகல் கூட்டம். புரொஃப் சாம்பாரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அக்கா பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"மொத நாளே கட காத்தாடுது பாருங்க புரொஃப். நேத்து இந்நேரம் மீந்தலச் சட்டி காலி. இன்னைக்குச் சட்டியவே கழுவிக் கவுத்தாச்சு."

"எங்கிட்டச் சொல்லாதீங்கக்கா. நானே நொந்துபோயி உக்காந்திருக்கேன்."

"ஒரு மாசத்துக்குப் பின்னாடி தொட்டியில ஒரு எலும்பக்கூடப் பாக்க முடியாது லா. பூனைங்கல்லாம் காலையிலயே பக்கத்துக் கடைக்குப் போயிருச்சு."

"பூனைக்கு இருக்கற சொதந்திரம் எனக்கு இல்ல பாருங்க" என்று புரொஃப் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. சாதத்தில் கை அப்படியே இருந்தது. பிறகு எழுந்து ஓடினார்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானும் பின்னால் போனேன். சந்தில் குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாம்பார் காய்கிற வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். பட்டுச் சேலை வேறு. அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"அண்ணே, எலும்பு இருக்கா பாருங்க."

"சாப்புடுற நேரத்துல இது என்ன புரொஃப்?"

"எலும்பு இருக்கா? முள்ளு? எண்ண மெதக்குதா?"

"இன்னைக்கு எப்படி இருக்கும்? புரட்டாசி."

"போன வருஷம் நம்ம மெஷின் எந்த மாசம் ஓடுச்சு?"

"புரட்டாசி. அக்காதான எடம்…"

மெஷின் நின்ற இடத்தில் சிமெண்டில் போல்ட் போட்ட ஓட்டைகள் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் மெஷின் கெட்டிக்கார மெஷின் இல்லை. ஒரு மாதம் சைவம் சாப்பிட்ட மெஷின். எண்ணெயும் கொழுப்பும் மீனும் உள்ளே போனால் நுரை கட்டும், நுண்ணுயிர்கள் மந்தமாகும், வாயு குறையும். இது பாடப்புத்தகத்தில் இருப்பது. நாங்கள் அனுப்பிய செய்முறை ஜூன் மாதக் குப்பைக்கு, அனுப்பிய வாயு அளவு புரட்டாசிக் குப்பைக்கு. தராசு எடையைச் சொன்னதே தவிர, என்ன விழுந்தது என்று சொல்லவில்லை. வாடை வரவில்லை என்று மெச்சிக்கொண்டோம். மீன் இல்லை என்று ஒரு மாதம் புலம்பிய புரொஃபுக்கே, மெஷினும் மீன் சாப்பிடவில்லை என்று தோன்றவில்லை. வேறு ஊர்க்காரன் ஒருவன் எங்களோடு இருந்திருந்தால், "ஏன் இன்றைக்கு எலும்பு இல்லை?" என்று முதல் நாளே கேட்டிருப்பான். நாங்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். யார் கேட்பது?

"நாளைக்குச் சொல்லப் போறீங்களா?" என்றேன்.

"சொல்லாம?"

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. "பணம் வர்ற நேரத்துல போயி எங்க அளவு தப்புன்னா எல்லாத்தையும் மூடிருவாங்க புரொஃப். உங்களுக்கு வேலை இருக்கும். எனக்கு? புக்கிட் பாத்தோக்குல வீட்டுக் கடன் இருக்கு. மக பாலிடெக்னிக் போறா. இந்த வயசுல எவன் என்னக் கூப்புடுவான்?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சா, பணம் வந்தப்புறம் சொல்லுங்க. மெஷின நானே சரி பண்ணித் தரேன்."

"பணம் வர்றப்ப அந்தப் பொண்ணு அங்க இருக்காதுண்ணே." அவர் குரல் உயரவில்லை. அவர் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "நான் மாமியாருக்குப் பயந்து மீன் திங்காம இருந்தேன். அதுக்கு அங்க ஒரு புள்ள வாராவாரம் பேச்சு வாங்கிட்டு இருக்கு. அதுவும் நாம சொன்னபடியே கொழம்பு வச்சுக்கிட்டு."

நான் ஒப்புக்கொள்ளவில்லை. குப்பைத் தொட்டியின் மூடியை ஓங்கி அறைந்து மூடிவிட்டு வந்தேன். புரொஃப் சந்துக் குழாயில் கை கழுவிக்கொண்டு, அப்படியே டாக்சி பிடித்துக் கேம்பஸுக்குப் போய்விட்டார். கடைக்குள் அவருடைய இலை மடிக்காமல் கிடந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "வரமாட்டாங்கக்கா" என்றேன்.

மறுநாள் கூட்டத்தில் அந்தப் பேராசிரியர் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் புரொஃப் முந்திக்கொண்டார். ஆங்கிலத்தில் பேசியதை எனக்கு நினைவிருக்கிறபடி தமிழில் சொல்கிறேன். "எங்கள் அளவு ஒரு வருடத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் சரி. அந்த மாதம் அந்தக் கடையில் யாரும் மீனோ கறியோ சாப்பிடுவதில்லை." அந்தப் பேராசிரியருக்குப் புரியவில்லை. உடல்நலத்துக்காகவா என்றார். சாமிக்காக என்றார் புரொஃப். ஒரு மாதம் முழுவதுமா என்றார். ஆமாம், என் வீட்டில் மாமியாருக்காகவும் என்றார் புரொஃப். இது ஏன் அறிக்கையில் இல்லை என்று அவர் கேட்டார். "எங்களுக்கு அது ஒரு தகவல் என்றே தெரியவில்லை. அது எங்கள் மாதம்" என்றார் புரொஃப். வேலை போயே போய்விட்டது என்று நினைத்து, திரையைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பெண் பேசினாள். பல வாரங்களுக்குப் பிறகு நேராகத் திரையைப் பார்த்துப் பேசினாள். "அப்படியென்றால், என் அளவு சரியா?"

"உன் அளவுதான் சரி," என்றார் புரொஃப். "ஆரம்பத்திலிருந்தே சரி."

அவளுடைய கேமரா அணைந்தது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தோம். திரும்பி வந்தபோது தொப்பி இல்லை, மூக்கு சிவந்திருந்தது. கையில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. விளிம்பு வரைக்கும் பழுப்பு நுரை. அதைக் குழந்தையைக் காட்டுகிற மாதிரி தூக்கிக் காட்டி, "அப்போ இதை இன்றைக்குக் கொட்ட வேண்டாம், இல்லையா?" என்றாள். புரொஃப் சிரித்தார். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் பேராசிரியர் எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எத்தனையோ வருடமாகப் பேராசிரியர்களோடு வேலை செய்கிறேன். கீழே இருப்பவர்களிடம் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டவர்கள் அபூர்வம். என் வேலை என்ன ஆகும் என்று தெரியாத அந்த நிமிடத்திலும், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதற்காக என்னை நல்லவன் என்று நினைக்க வேண்டாம். வேலை போயிருந்தால் புரொஃபை இன்றைக்கும் திட்டிக்கொண்டுதான் இருப்பேன்.

வேலை போகவில்லை. நிதிக் குழுக்காரர்கள் பல வாரங்கள் எங்களைக் காயப்போட்டார்கள். கடிதம் மேல் கடிதம், கேள்வி மேல் கேள்வி. கடைசியில் பெரிய மெஷினை இப்போது கட்ட வேண்டாம், சின்ன மெஷினை ஒரு வருடம், எல்லா மாதமும், எல்லாக் குப்பையோடும் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பணம் கொஞ்சம்தான். ஆனால் என் ஒப்பந்தம் நீண்டது. புரொஃப் அதைச் சொன்ன அன்று, லிஃப்ட்டில் தனியாக இறங்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டாம் மாடியில் ஏறியவர் என்னைப் பார்த்துவிட்டு மூலையில் ஒதுங்கி நின்றார். அதே அளவை நம்பிப் பெரிய மெஷினைக் கட்டி அந்தச் சந்தைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன். மீன் விற்கிற சந்தை அது. திறப்பு விழாவுக்கு அடுத்த வாரமே நுரை தெருவுக்கு வந்திருக்கும். சின்னம் போட்ட கேக்கை வெட்டியவர்கள் யாரும் அதைக் கழுவ வந்திருக்கமாட்டார்கள்.

எங்கள் சந்துக்கு நுரை வந்தது. மெஷினை மறுபடி அக்கா கடைக்குப் பின்னால் வைத்து, முதன்முறையாக மீன்தலைக் கறியும் ஆட்டெலும்பும் உள்ளே போன மறுவாரம், குழாயிலிருந்து பழுப்பு நுரை பொங்கிச் சந்தில் ஓடியது. அக்கா கையில் துடைப்பத்தோடு, "யோவ், என் கடைய மூட வைக்கவா வந்தீங்க? எடம் குடுத்தது ஒரு குத்தமா?" என்று என்னைக் கிழித்துவிட்டார். நான் கைப்பேசியில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நுரையைக் காட்டினேன். அவள் பதறவில்லை. "பயப்படாதீர்கள். அதோடு நான் ஒரு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்" என்றாள். என்ன செய்ய வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எவ்வளவு சோறு போட்டு எத்தனை நாள் பொறுக்க வேண்டும், எல்லாம் சொன்னாள். எண்ணெயைத் தனியே பிரிக்கிற சின்னத் தொட்டியும், கறியையும் மீனையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுகிற முறையும் அவளுடைய ஜாடிகளிலிருந்து வந்தவை. தோற்றுப்போனாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்த அந்த வருடம்தான் அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமே ஆனது.

பட்டம் வாங்குவதற்கு முன் ஒருமுறை இங்கே வந்தாள். எந்த மாதத்தில் வந்தாள் தெரியுமா? புரட்டாசியில். அந்த மாதக் குப்பையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதுதானா அந்த மீன் கொழம்புப் புள்ள? வந்தது வந்த, தீபாவளிக்கு வந்திருக்கக் கூடாதாம்மா? இப்ப நான் உனக்கு என்னத்தப் போட?" என்று இலையில் இடமில்லாத அளவுக்குப் பொரியலும் கூட்டும் வைத்தார். அவளுக்கு அது ஒன்றும் புரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். புரொஃப் அவளுக்கு இலையை எப்படித் தன் பக்கமாக மடிப்பது என்று காட்டிக்கொடுத்தார். அவள் உடனே, "மடித்த இலையை அப்படியே போடுகிறீர்களா, பிரித்துப் போடுகிறீர்களா?" என்று என்னிடம் கேட்டாள். பிரித்துத்தான் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்தோனேசியச் சந்தையில் பெரிய மெஷின் ஓடுகிறது. நான் அதைப் பொருத்தப் போயிருந்தேன். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்ணெய் அதிகமான குப்பைக்கு ஒரு பொத்தான், எண்ணெய் இல்லாத குப்பைக்கு ஒரு பொத்தான். இரண்டாவது பொத்தானுக்கு அந்தப் பெண் வைத்த பெயர் புரட்டாசி. ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதியிருக்கிறது. அங்கே வேலை செய்கிற யாருக்கும் அது என்னவென்று தெரியாது. காய்கறிக் கழிவு மட்டும் வருகிற நாளில் அதை அழுத்துகிறார்கள். ஏதோ சிங்கப்பூர் கம்பெனியின் பெயர் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நான் விளக்கப் போகவில்லை. எனக்கு மலாய் அவ்வளவு வராது, பொறுமையும் கிடையாது.

புரொஃப் போன வருடம் ஓய்வு பெற்றார். அவர் மாமியார் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். இப்போது வாசலில் மோப்பம் பிடிக்க ஆள் இல்லை. போன வாரம் புரட்டாசி பிறந்தது. அன்று புரொஃப் அக்கா கடையில் அதே சுவரோர மேசையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சாம்பார் சாதம்.

"இன்னும் யாருக்குப் பயந்து இது?" என்று கேட்டேன்.

"அதான் தெரியலண்ணே. பக்கத்துக் கடையில பொரிக்கிற வாடை வருது பாருங்க, கொல்றானுங்க" என்று புலம்பினார். அந்தப் புலம்பல் கொஞ்சம்கூட மாறவில்லை. ரசம், மோர், பாயசம் என்று எல்லாம் வாங்கினார். அப்பளத்தை நொறுக்கிக் கடைசி வாயோடு சேர்த்துக்கொண்டார். பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்து, மடிப்பைக் கையால் ஒருமுறை அழுத்திவிட்டு எழுந்தார். கை கழுவத்தான் போனார். அவசரமில்லாமல் போனார்.

மேசை துடைக்கிறவர் வந்து கல்லாவைப் பார்த்தார். அக்கா தலையசைத்தார். இலை பின்சந்துக்குப் போனது. ஒரு வருடச் சோதனை முடிந்தும் அக்கா விடாமல் வைத்துக்கொண்ட மெஷின் அங்கே ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் என் ரசத்தைச் சூடாகவே குடித்து முடித்தேன்.